மூன்று முறைதான் திருத்தலாம்

விண்ணப்பத்தில் இருந்தது மூன்றே மூன்று கட்டங்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றையும் அதில் வரிசைப்படுத்த வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்கு இரண்டு நிமிஷ வேலை. மிளகின் வீட்டில் அதற்கு எட்டு மாதம் ஆகியும் முடிந்தபாடில்லை.

மிளகு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆள் சின்னது, காரம் பெரிது என்று மாமா வைத்தது. அந்தக் காரத்தை ஏற்றியதில் தனக்கும் தன் மாப்பிள்ளைக்கும், அதாவது மிளகின் அப்பாவுக்கும், சரிபாதிப் பங்கு உண்டு என்பதை மட்டும் அவர் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்பா பதினாறு வருஷம் தரைப்படையில் லாரி ஓட்டியவர். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பதினெட்டு வருஷம் கப்பற்படையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார்கள். அப்பா வண்டியில் ஏறிக் கற்றுக்கொடுப்பார்; மாமா ஆபீஸில் உட்கார்ந்து படிவம் நிரப்புவார், போன் எடுப்பார். கிளட்சை எப்படி விடுவது என்று கற்றுக்கொள்ள வந்த பாவப்பட்ட ஜனங்கள், தரைப்படை உசத்தியா கப்பற்படை உசத்தியா என்பதையும் கூடவே கேட்டுத் தொலைத்துவிட்டுத்தான் லைசென்ஸ் வாங்கிப் போவார்கள்.

"கடல்ல என்னம்மா இருக்கு? குனிஞ்சா தண்ணி, நிமிர்ந்தா தண்ணி. ஒரு மரம் மட்டை உண்டா?" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"பட்டாளத்துல மட்டும் என்ன வாழுது? சேத்துல படுத்து சேத்துல எந்திரிக்கணும். கப்பல்ல போர்வையில ஒரு சுருக்கம் இருக்காது தெரியுமா?" என்பார் எதிரே உட்கார்ந்திருக்கும் மாமா. அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. மூன்று வேளையும் தங்கை வீட்டில்தான் சாப்பாடு, அதனால் மூன்று வேளையும் இந்தச் சண்டை.

ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒற்றுமை. விமானப்படை என்றால் இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "அது பாட்டுக்கு அது மேல போகுது, இவங்க கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு இருக்காங்க," என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் தலையாட்டுவார். அந்த அரை நிமிஷம்தான் வீட்டில் சாப்பாடு நிம்மதியாக இறங்கும்.

இதில் மிளகை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதில் சேரப்போகிறாய் என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து ஊரின் நடுப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அம்மா ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறவள். ஆஸ்பத்திரி அக்கரையில், வீடு இக்கரையில். இரண்டு நாள் அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் தரைப்படையின் பொறியாளர் பிரிவு வந்தது. லாரி லாரியாக இரும்புச் சட்டங்களை இறக்கி, ஒன்றோடொன்று கோத்து, உருளைகள்மேல் தள்ளித் தள்ளி அக்கரைக்கு நீட்டினார்கள். முழங்கால் வரை சேறு அப்பிய ஒரு பெண் சிப்பாய் கத்திக் கத்தி நாற்பது ஆண்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். மிளகு காலையிலிருந்து சாப்பிடாமல் கொள்ளாமல் கரையிலேயே நின்று பார்த்தாள். பொழுது சாயும்போது அந்தப் பாலத்தில் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள். அன்றைக்கே மிளகு முடிவு செய்துவிட்டாள்.

ஆக, தரைப்படை. அங்கேதான் வந்தது வில்லங்கம்.

தரைப்படை என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து விழுந்தால் போதும், அப்பா ஊரைக் கூட்டிவிடுவார். 'என் ரத்தம்' என்பார். 'நான் சொல்லிச் சொல்லி ஏத்தினது' என்பார். லைசென்ஸ் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். பாலமும் போய்விடும், சேறும் போய்விடும், அந்தப் பெண் சிப்பாயும் போய்விடுவாள்; கடைசியில் மிஞ்சுவது அப்பாவும் அவருடைய லாரியும்தான். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் விண்ணப்பத்தை அனுப்பினாள். முதல் விருப்பம் தரைப்படை, பொறியாளர் பிரிவு. ஆள்சேர்ப்பு முடிந்து பயிற்சிக்குக் கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணியோடு கடைசி நாள் முடிகிறது. அன்று காலை ஒன்பதரைக்கு, நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்தாள். திறந்தவளுக்குப் பகீரென்றது.

முதல் விருப்பம்: கப்பற்படை.

கீழே சிவப்பு எழுத்தில், அனுமதிக்கப்பட்ட மூன்று திருத்தங்களும் முடிந்துவிட்டன, விண்ணப்பம் பூட்டப்பட்டது என்று இருந்தது. அதற்கும் கீழே திருத்திய நேரங்கள். செவ்வாய் காலை பதினொன்று இருபது. புதன் காலை ஆறரை. வியாழன் காலை பதினொன்று ஐந்து.

துப்பறிய ஒன்றும் இல்லை. காலை பதினொரு மணி மாமா ஆபீஸில் ஈ ஓட்டுகிற நேரம். காலை ஆறரை அப்பா முதல் வகுப்புக்கு வண்டி எடுக்கிற நேரம். இந்த வீட்டில் மின்சாரக் கட்டணமோ, காஸ் பதிவோ, பள்ளிக்கூட மதிப்பெண்ணோ எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான்: டிரைவிங் ஸ்கூலின் போன் நம்பர். மறந்துவிடக் கூடாதாம். மின்னஞ்சலும் ஒன்றுதான், டிரைவிங் ஸ்கூலுடையது. இவர்களை இத்தனை வருஷம் பார்த்தும், அதே நம்பரைப் போட்டு, அதே மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பம் அனுப்பினாளே, அவளைச் சொல்ல வேண்டும். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"என் ஃபார்ம்ல யாரு கை வச்சது?"

மாமா பக்கத்து மேஜையில் யாருடைய விண்ணப்பத்துக்கோ போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய போட்டோவை மறுபடி எடுத்து மறுபடி ஒட்டினார். அப்பா வாசலில் பயிற்சிக்கு வைக்கிற ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், ஒன்றைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார்.

"நான் ஒரே ஒரு தடவைதான்மா," என்றார் அப்பா. மறைக்கத் தெரியாத மனுஷன். "பில்லு கட்டலாம்னு திறந்தேன், உன் மெயில் இருந்துச்சு. பாத்தா நேவின்னு போட்டிருக்கே. எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. சின்னப் பொண்ணு, யாரு பேச்சையோ கேட்டுப் போட்டுட்டேன்னு நான்தான் சரி பண்ணினேன்."

"பாத்தியா! பாத்தியா!" மாமா துள்ளி எழுந்தார். "புள்ள ஆசைப்பட்டுப் போட்டதை மாத்தியிருக்காரு. அதான் நான் நேத்து பழையபடி போட்டேன். புள்ளைக்காகத்தான்."

"அது ரெண்டு தடவை," என்றாள் மிளகு. "மூணாவது?"

அந்தக் கணக்கைக் காதில் வாங்காமல் அப்பா மாமாவையே முறைத்துக்கொண்டிருந்தார்; மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். செவ்வாய்க்கிழமை தரைப்படையைத் தூக்கிவிட்டுக் கப்பற்படையைப் போட்ட மகானுபாவர் அவர்தான் என்று மிளகுக்குப் புரிந்துவிட்டது. அப்பா பார்த்தது மாமா போட்டதை. ஒரு வார்த்தை சொன்னால் மாமாவின் குட்டு உடைந்துவிடும். 'நான் போட்டது தரைப்படைதான்' என்று சொல்ல வாயும் திறந்தாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். அப்பா சொன்னது அப்போதுதான் உள்ளே போய் உறைத்தது. நேவி என்று அவளே ஆசைப்பட்டுப் போட்டதாக நினைத்திருக்கிறார். நினைத்தும் மாற்றியிருக்கிறார். அவள் போட்டதற்கே திருப்பிக் கொண்டுவந்தார் என்பது அவருக்குத் தெரியாது, அது தற்செயல். தெரிந்து செய்தது மகளின் ஆசையை அழித்தது. இந்த மனுஷனுக்கு இப்போது 'தரைப்படை' என்ற சந்தோஷத்தைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா முழுவதும் கேட்டாள்.

"இங்க நாப்பது பேரோட ரத்தத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அந்த ரெண்டு பேரும் இப்ப எதிர்ல இருந்தா நாப்பத்தி ரெண்டு ஆயிடும்," என்றாள் அம்மா. "நேரா ஆள்சேர்ப்பு ஆபீசுக்குப் போ. அவங்க ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டுப் போ. செஞ்சவங்க வந்து நிக்கட்டும்."

ஆள்சேர்ப்பு ஆபீஸ் ஊரின் மறுகோடியில். டிரைவிங் ஸ்கூல் காரை மிளகு ஓட்டினாள். அப்பா பக்கத்து சீட்டில், மாமா பின்னால். அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு, கற்றுக்கொடுப்பவருக்காக. மிளகு லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகிறது. ஆனால் அப்பாவின் கால் சும்மா இருக்குமா? முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தாலே போதும், அவள் கால் வைப்பதற்கு முன்பே அவர் கால் வைத்துவிடுவார். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வருகிறவன் ஹாரனை அலற விடுவான்.

"அப்பா, காலை எடுங்க."

"நான் எங்கம்மா வச்சேன்? சும்மா தொட்டுக்கிட்டு இருக்கேன்."

"அதான் மாப்ளே, நீங்க எல்லாத்தையும் சும்மா தொட்டுக்கிட்டே இருப்பீங்க," என்று பின்னாலிருந்து எண்ணெய் ஊற்றினார் மாமா.

"மச்சான், நீங்க பேசாதீங்க. புள்ள மனசுல தண்ணியைக் கரைச்சு ஊத்தினது யாரு?"

நான்காவது தடவை வண்டி நடுரோட்டில் குலுங்கியபோது மிளகு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். அப்பா, நேவின்னு நானே ஆசைப்பட்டுப் போட்டேன்னுதானே நினைச்சீங்க?"

"ஆமா."

"அப்புறமும் மாத்தினீங்க."

"உன் நல்லதுக்குத்தானேம்மா…"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? ஒரே வீட்டுலதானே இருக்கோம்? காலைல உங்களுக்கு டீ கொடுத்தது யாரு? அப்பக்கூட கேக்கலையே!"

அப்பா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். வெளியே ஒரு பூட்டிய கடையும் ஒரு தபால் பெட்டியும்தான் இருந்தன.

"கேட்டா நீ நேவின்னு சொல்லிடுவியேன்னு பயமா இருந்துச்சு," என்றார்.

மிளகுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஆபீஸில் ஒரு நீளமான கூடம், சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள், மூன்று படைகளின் கொடிகள். மேஜைக்குப் பின்னால் இருந்தது ஓர் அம்மாள்; சீருடை விமானப்படையுடையது. அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி பன்னிரண்டு.

"ரத்து பண்ணிட்டு நேர்ல புதுசா எழுதிக் கொடுக்கலாம், நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றார் அதிகாரியம்மாள், கணினியில் பழைய விண்ணப்பத்தைத் திறந்துகொண்டே. "ஆனா ஏன் ரத்துன்னு காரணம் எழுதணும். வேற யாராவது உள்ள பூந்து மாத்தியிருந்தா இப்பவே சொல்லுங்க. அது குற்றம். விசாரணை வைப்போம். விசாரணை முடியற வரைக்கும் உங்க விண்ணப்பம் நிக்கும். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மாமா ஒரு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"யாரும் மாத்தலை மேடம்," என்றாள் மிளகு. "நான்தான்."

"மூணு தடவையும்?"

"ஆமா மேடம்."

"மூணு நாள்ல மூணு தடவை. இன்னிக்கு நாலாவது." அதிகாரியம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "செருப்புக் கடைக்கு வந்திருக்கீங்களா? இதைப் போட்டுப் பாத்து, அதைப் போட்டுப் பாத்து, பிடிக்கலேன்னா கழட்டிப் போட்டு? மனசுல ஒரு உறுதி வேணாம்?"

எட்டு மாதமாக அந்த வீட்டில் உறுதியாக இருந்த ஒரே ஆள் மிளகுதான். அவளைப் பார்த்து இந்தக் கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸாரி மேடம்," என்றாள்.

"ஸாரி எல்லாம் சரி. இதை நான் குறிப்புல எழுதித்தான் ஆகணும். நேர்காணல்ல கேப்பாங்க, பதில் தயாரா வச்சுக்கங்க." எழுதினார். மிளகு தலைகீழாகவே படித்தாள்: விருப்பத்தில் நிலைத்தன்மை இல்லை. அப்பாவும் படித்தார்.

"மேடம்," என்றார் அப்பா. குதிகால் இரண்டும் தாமாக ஒட்டிக்கொண்டன. "அப்படி எழுதாதீங்க. அது வந்து, நான்தான்…"

"நீங்க யாரு?"

"அப்பா."

"சேரப் போறது நீங்களா?"

"இல்ல மேடம். நான் ஏற்கெனவே பதினாறு வருஷம்…"

"அப்ப உட்காருங்க." அதிகாரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் புரிந்த பார்வை. "நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு என் காதுல விழலை. விழுந்தா எழுதணும். எழுதினா இந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிடும். இப்ப சொல்லுங்க, ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல மேடம்," என்றார் அப்பா. இத்தனை சின்னக் குரலில் அவர் பேசி மிளகு கேட்டதே இல்லை.

"கூட வந்தவங்க வெளிய இருங்க. விண்ணப்பதாரர் தனியாத்தான் எழுதணும்."

உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு பேனா. மூன்று கட்டங்கள். சுற்றி ஒரு சத்தமில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக யாரும் இல்லாத இடத்தில் அந்தக் காகிதமும் அவளும். உடனே எழுதிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? கை நின்றுவிட்டது.

ஒருவேளை அப்பா சொன்னதெல்லாம் உள்ளே ஊறித்தான் தரைப்படை என்று தோன்றுகிறதோ? அப்பா மேல் இருக்கிற கோபத்தில் விமானப்படை என்று எழுதித் தொலைத்தால் என்ன? ஒருத்தர் முகத்திலும் முழிக்க வேண்டாம், ஒருத்தரும் ஜெயிக்க வேண்டாம். பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேல்கூடக் கொண்டுபோனாள். சீ, இவர்களுக்குப் பயந்து பிடிக்காத வேலைக்குப் போவதா, இவர்களைப் பழிவாங்க ஒரு ஆயுசா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆற்றங்கரையை நினைத்துப் பார்த்தாள். அங்கே அப்பா இருந்தாரா? இல்லை. அன்றைக்கு அவர் வெளியூருக்குச் சவாரி போயிருந்தார். அவள் மட்டும்தான் நின்றாள். போதும். எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரை வாங்கினாள்.

வெளியே படிக்கட்டில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் மாமா எழுந்தார். "என்ன போ—"

"கேக்காதீங்க மச்சான்," என்றார் அப்பா. எழுந்து மகளிடம் வந்தார். "நீ சொல்ல வேணாம்மா. எதுன்னாலும் சரி. நேவின்னாலும் சரிதான். நான் வந்து துறைமுகத்துல நின்னு கையாட்டி அனுப்புவேன். எனக்கு வாந்தி வரும், பரவாயில்ல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

எட்டு மாதம் இவர் வாயை மூட மாட்டாரா என்று வேண்டிக்கொண்டவள்தான். இப்போது அவர் கேட்காமல் நிற்பது தாங்கவில்லை.

"ஆர்மிதான்பா."

அப்பா குதிக்கவில்லை. முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"எனக்காகப் போட்டியா?"

"இல்லப்பா."

"உள்ள என்னைத் திட்டினாங்கன்னு பாவம் பாத்துப் போட்டிருக்கே. இது எனக்கு வேணாம்." விறுவிறுவென்று படியேறத் தொடங்கினார். "நான் போய்ச் சொல்றேன். இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. நீ ஆசைப்பட்டதையே எழுது."

"ஐயோ கடவுளே! அப்பா, நில்லுங்க!" மிளகு ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னொரு தடவை அந்தம்மா முன்னாடி போய் நின்னா என்னைப் பைத்தியம்னு எழுதிடுவாங்க! நான் ஆசைப்பட்டதே இதுதான்!"

"பொய் சொல்லாதே. நான்தான் என் கண்ணால பாத்தேனே, நேவின்னு இருந்துச்சே."

இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? பிடிக்காததைத் திணித்தபோதும் கேட்கவில்லை; பிடித்ததைச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார். மிளகு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். மாமா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாப்ளே," என்றார். "முதல்ல இருந்ததும் ஆர்மிதான். திங்கட்கிழமை அவ போட்டது. செவ்வாய்க்கிழமை நான் மாத்தினேன்."

அப்பா படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்றார்.

"நீங்கதான் மிரட்டிப் போட வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார் மாமா. "அது மட்டும் இல்ல. எனக்குன்னு யாரு இருக்கா? நான் போன வழியில ஒரு புள்ளையாவது போகட்டுமேன்னு… தப்புதான். புள்ளைக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன்." அவர் குரல் உடைந்துவிட்டது. பதினெட்டு வருஷம் கடலைப் பார்த்தவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரை இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மிளகு இரண்டையும் செய்யவில்லை. அப்பா மெதுவாக இறங்கி அதே படியில் உட்கார்ந்தார்.

"அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்திருந்தா…"

"ஆமா."

"நீயாவே இதைத்தான் போட்டிருக்கே."

"ஆமாப்பா."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை? இதைக் கேக்கத்தானே எட்டு மாசமா கத்திக்கிட்டு இருந்தேன்?"

"சொல்லியிருந்தா அது உங்களோடதா ஆயிருக்கும்பா," என்றாள் மிளகு.

அப்பா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். மாமாவும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே போகிற பையன்களும் பெண்களும் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

"இப்ப அது உன்னோடதுதானே?" என்று கேட்டார் அப்பா.

"என்னோடது."

"யார்கிட்டயும் நான் சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்க, யாரு வேணாம்னா? உங்களாலதான் நான் சேர்ந்தேன்னு மட்டும் சொல்லக் கூடாது."

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றி சுருங்கி, உதடு அசைந்து, ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்ப்பது தெரிந்தது.

"அது கொஞ்சம் கஷ்டம்தான்மா," என்றார். கண் இரண்டும் நிறைந்திருந்தது. "பழகிப் பாக்கறேன்."